நான்கு வாரம்தான் நேரம்: புக்கிட் பாத்தோக் தோழர்களுக்கு ஓர் அறைகூவல்



ஒரு காட்டை வெட்டுவது பற்றி நம்மிடம் கருத்துக் கேட்டால், பதில் சொல்ல நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் நான்கே வாரம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையை இணையத்தில் ஏற்றும். பக்கம் பக்கமாக ஆங்கிலம், வரைபடங்கள், அட்டவணைகள், லத்தீன் பெயர்கள். வேலை முடிந்து, பிள்ளைகளைத் துணைப்பாட வகுப்பிலிருந்து கூட்டிவந்து, சாப்பிட்டு உட்காரும் நேரத்தில் அதைத் திறந்து படிக்கலாம் என்று நாளைத் தள்ளுவோம். கெடு முடிந்துவிடும். பிறகு மண்வாரி இயந்திரம் வந்து நிற்கும்போது கைப்பேசியில் படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் "ஐயோ, பாவம்" என்று அனுப்புவோம்.

இனி அப்படி நடக்கக் கூடாது. அடுத்த அறிக்கை வரும் நாளில் நாம் தயாராக நிற்க வேண்டும். கையில் சான்று வேண்டும், வாயில் தெளிவான கோரிக்கை வேண்டும், மனத்தில் எதிரி யார் என்பதில் குழப்பம் இருக்கக் கூடாது. இந்த மூன்றுக்காகவும்தான் உங்களை அழைக்கிறோம்.

நம் மலை ஒருமுறை விலை கொடுத்துவிட்டது

புக்கிட் பாத்தோக்வாசிகளுக்குக் காடு எங்கோ தொலைவில் இருக்கும் சங்கதி அல்ல. இந்தத் தீவு வளர்ந்தபோது நம் மலைகளைத்தான் வெடி வைத்துப் பிளந்தார்கள். இங்கிருந்து போன கல், சாலையாகவும் கட்டடமாகவும் ஆனது. கல் எடுத்து முடிந்த குழிகளைக் கைவிட்டார்கள். மழைநீர் தேங்கியது. விதைகளைக் காற்றும் பறவையும் கொண்டுவந்து போட்டன. அப்படிக் கைவிடப்பட்ட கிரானைட் குழி ஒன்றைச் சுற்றித்தான் 1988இல் 36 ஹெக்டர் பரப்பில் புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்கா அமைந்தது. கல்யாணப் படம் எடுக்கக் கூட்டம் கூடும் 'சின்ன குய்லின்' குளமும் பழைய கற்குழிதான்.

இதை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் நம் பகுதிக் காடுகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், "அது அசல் காடு இல்லை, தானாக முளைத்த புதர்தானே" என்று ஒரு குரல் எழும். ஆம், தானாக முளைத்ததுதான். மனிதர் சுரண்டித் தீர்த்து விட்டுப்போன இடத்தில், யாரும் உரம் போடாமல், யாரும் நீர் ஊற்றாமல் முளைத்தது. இன்று அங்கே மஞ்சள் தலைச் சின்னான் பாடுகிறது. குரல் இனிமைக்காகவே பிடித்து விற்கப்பட்டு, தென்கிழக்காசியாவின் பல இடங்களில் அற்றுப்போன பறவை அது. உலகில் எஞ்சியிருப்பவற்றில் கணிசமான பங்கு நம் சின்னஞ்சிறு தீவில்தான் வாழ்கிறது. அதைப் பாதுகாக்கும் கடமை வேறு எந்த நாட்டையும்விட நமக்கே அதிகம்.

இப்போது மேற்குப் பக்கம் பாருங்கள். நமக்கும் ஜூரோங்குக்கும் இடையே இருந்தது தெங்கா. முன்பு கம்பங்களும் செங்கல் சூளைகளும் இருந்த இடம். பிறகு ராணுவப் பயிற்சி நிலமாகிப் பல ஆண்டுகள் ஆளரவமின்றிக் கிடந்ததில் காடாகிவிட்டது. 2016இல் அங்கே புதிய நகரம் அறிவிக்கப்பட்டது. 700 ஹெக்டர், 42,000 வீடுகள். 2018 நவம்பரில் முதல் பிடிஓ (தேவைக்கேற்பக் கட்டும் வீடுகள்) விற்பனை, 2023இல் முதல் குடும்பங்கள். காட்டில் மிஞ்சுவது முக்கியமாக ஒரு பசுமைப் பாதை: 5 கிலோமீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். கிழக்கே உள்ள மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டையும் மேற்கே உள்ள நீர்ப்பிடிப்புக் காட்டையும் அது இணைக்க வேண்டும்.

நம் புக்கிட் பாத்தோக் மலைச்சரிவுக் காட்டுக்கும் அதே நிலை வந்தது. காட்டின் ஒரு பகுதி வீடுகளுக்கு, ஒரு பகுதி இயற்கைப் பூங்காவுக்கு என்று திட்டம் போட்டார்கள். புக்கிட் தீமா காப்புக்காட்டிலிருந்து தெங்கா வரை நம் வட்டாரப் பூங்காக்களைச் சேர்த்து ஒரு 'இயற்கை வழித்தடம்' அமைக்கப்படுகிறது. நல்ல முயற்சி. அதைக் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: 100 மீட்டர் அகலப் பாதையில் எத்தனை உயிர் தாக்குப்பிடிக்கும்?

காட்டின் ஓரம் உள்பகுதியைப் போல் இருக்காது. ஓரத்தில் வெயில் உள்ளே புகும், மண் காயும், காற்றில் மரம் சாயும், இரவெல்லாம் விளக்கொளி விழும். நிழலும் ஈரமும் வேண்டிய செடியும் தவளையும் பூச்சியும் நடுப்பகுதிக்கு ஒதுங்கும். பாதை குறுகக் குறுக, அந்த நடுப்பகுதியே இல்லாமல் போகும். எஞ்சுவது ஓரம் மட்டுமே. 1986இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை போட்டபோது, புக்கிட் தீமா காட்டை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து துண்டித்தார்கள். சாலையைக் கடக்க முயன்ற எறும்புண்ணிகள் அடிபட்டுச் செத்தன. அந்தத் தவற்றைத் திருத்த 2013இல்தான் காட்டுப் பாலம் ஒன்று கட்டினார்கள். கால் நூற்றாண்டு கழித்து, பெருஞ்செலவில். வெட்டும் முன்பே யோசித்திருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்!

இரு நூறு ஆண்டுகளில் இந்தத் தீவு இழந்தது எவ்வளவு என்று 2023இல் ஓர் ஆய்வுக்குழு கணக்கிட்டது. இங்கு வாழ்ந்த உயிரினங்களில் ஏறத்தாழ 37 விழுக்காடு சிங்கப்பூரிலிருந்து அற்றுப்போய்விட்டன என்பது அவர்களின் மதிப்பீடு. மூன்றில் ஒன்றுக்கும் மேல். மீதமிருப்பதைத்தான் நாம் இப்போது 100 மீட்டர் பாதைகளில் நடக்கவிடப் போகிறோம்.

எண்ணிக்கையை மறைக்காமல் பேசுவோம்

தோழர்களே, மக்கள்தொகை என்ற சொல்லைக் கண்டு நாம் ஒளிய வேண்டியதில்லை. 1965இல் இத்தீவில் 1.9 மில்லியனுக்கும் சற்றுக் குறைவான மக்கள். 1990இல் 3 மில்லியன். 2010இல் 5 மில்லியன். 2025 ஜூனில் 6.11 மில்லியன். அதே காலத்தில், கடலைத் தூர்த்துத் தூர்த்து, 581 சதுர கிலோமீட்டராக இருந்த நிலம் 735 சதுர கிலோமீட்டர் அளவுக்கு வந்திருக்கிறது. மக்கள் மூன்று மடங்குக்கும் மேல்; நிலம் கால் பங்குதான் கூடுதல். அந்தக் கால் பங்குக்கான மணலில் கணிசமான பங்கு அண்டை நாடுகளிலிருந்து வந்தது. மலேசியா, இந்தோனேசியா, கம்போடியா என்று ஒவ்வொரு நாடாக மணல் ஏற்றுமதியைத் தடை செய்தன. ஆற்றங்கரையும் மீன்பிடித் தொழிலும் பாதிக்கப்பட்ட மக்கள் அங்கே குரல் எழுப்பினார்கள். நம் காலடி நிலத்துக்கான விலையில் ஒரு பங்கை அவர்கள் கொடுத்திருக்கிறார்கள்.

தண்ணீர்? ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுத்துக்கொள்ள வகை செய்யும் 1962 ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. குப்பை? நமக்கு இருக்கும் ஒரே நிரப்பிடம் செமக்காவ் தீவு. 1999இல் தொடங்கியது, 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். வெப்பம்? 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான 37 பாகைதான் நாற்பது ஆண்டுகள் தேசிய உச்சமாக இருந்தது. 2023 மே மாதம் அங் மோ கியோவில் அதே 37 மீண்டும் வந்தது. தெங்காவின் பதிவு நம் பக்கத்து வீட்டுப் பதிவு. 

2013 ஜனவரியில் அரசாங்கம் மக்கள்தொகை வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. 2030இல் 6.5 முதல் 6.9 மில்லியன் வரை இருக்கலாம் என்றது. அடுத்த மாதமே ஹாங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். இங்கே அப்படி நடப்பது எவ்வளவு அரிது என்று உங்களுக்குத் தெரியும். 2030இல் எண்ணிக்கை 6.9 மில்லியனைவிடக் கணிசமாகக் குறைவாகவே இருக்கும் என்று பின்னர் அரசு சொன்னது. நல்லது. ஆனால் கேள்வி தீரவில்லை. எத்தனை பேருக்காக இந்தத் தீவைத் திட்டமிடுகிறோம்? அதில் ஒவ்வொரு காட்டுத் துண்டின் கணக்கு என்ன? இந்தக் கேள்வியைப் பொதுவெளியில் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்போம்.

ஆனால் எதிரியைத் தவறாகக் காட்டாதீர்கள்

அன்று ஹாங் லிம் பூங்காவில் எழுந்த கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சமயத்தில் காபிக்கடையிலும் இணையத்திலும் ஓடிய பேச்சில் ஒரு நஞ்சும் கலந்திருந்தது. "இவர்கள் வந்ததால்தான்" என்ற பேச்சு. ரயிலில் நெரிசலா? இவர்கள் வந்ததால். காடு போகிறதா? இவர்கள் வந்ததால். யார் அந்த 'இவர்கள்' என்று தமிழர்களாகிய நமக்கு விளக்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் வந்து ஊருக்குப் பணம் அனுப்பி, அம்மாவுடன் பேசி, நண்பனோடு சோறு தின்றுவிட்டு விடுதிக்குத் திரும்பும் நம் புதுக்கோட்டைத் தம்பிகளும் சிவகங்கை அண்ணன்களும் அதில் அடக்கம். பங்களாதேஷ் சகோதரர்களும் அடக்கம்.

சற்று நிதானமாகக் கணக்குப் பாருங்கள். ஊழியர் தங்குவிடுதிகளுக்கு 2021இல் அறிவித்த மேம்பட்ட தரமே ஓர் ஆளுக்கு 4.2 சதுர மீட்டர், ஓர் அறைக்கு அதிகபட்சம் 12 பேர். கார் இல்லை. லாரியில் போகிறார். குடும்பத்தை அழைத்துவர முடியாது. அவர் கட்டுவது நம் வீடு. 4.2 சதுர மீட்டரில் படுப்பவர் மீது காட்டைத் தின்ற பழியைப் போடுவது அநியாயம் மட்டுமல்ல, கணக்கே தப்பு.

வேறொரு பொய்யும் உண்டு: பிள்ளை பெறுவதுதான் குற்றம் என்பது. நம் வரலாறே அதற்கு எச்சரிக்கை. 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. 1970களில் "இரண்டோடு நிறுத்து" என்றார்கள்; பிள்ளைகள் கூடக் கூடப் பிரசவக் கட்டணம் ஏறியது, பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை குறைந்தது. 1984இல் படிப்புக் குறைந்த ஏழைத் தாய்மார் கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி என்றார்கள். 1987இல் திசை மாறியது: "முடிந்தால் மூன்று, அதற்கு மேலும்." 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97 பிள்ளை. இந்தியாவில் 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில், ஏழைகளைப் பிடித்துப்போய்க் கட்டாயக் கருத்தடைக்குக் கத்தி வைத்த கொடுமை நம் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். மனிதரை 'அதிகப்படி' என்று எண்ணத் தொடங்கினால், கடைசியில் ஏழைப் பெண்ணின் வயிற்றில்தான் கை வைப்பார்கள். அந்தப் பாதையில் நாம் போக மாட்டோம்.

அப்படியென்றால் பிறப்பு இவ்வளவு குறைந்தும் வீடுகள் ஏன் பெருகுகின்றன? இங்கேதான் நம் வாதத்தின் ஆணிவேர் இருக்கிறது. கவனமாகக் கேளுங்கள்.

1980இல் சிங்கப்பூரில் ஒரு குடும்பத்துக்குச் சராசரி ஏறத்தாழ 4.9 பேர். 2020 கணக்கெடுப்பில் 3.2. ஒரு மில்லியன் பேரைக் குடிவைக்க அன்று சுமார் 200,000 வீடுகள் போதும். இன்று 300,000க்கும் மேல் வேண்டும். ஒரு தலைகூடக் கூடாமலே 100,000 வீடு கூடுகிறது. பிள்ளை தனியே போகிறான், தாத்தா பாட்டி தனியே இருக்கிறார்கள், திருமணம் செய்யாதவர் தனியே வாழ்கிறார். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, வாழ்க்கை மாறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குளிர்பதனப் பெட்டி, ஒரு துணி துவைக்கும் இயந்திரம், அறைக்கு அறை ஏர்கோன். சுற்றுச்சூழலின் சுமையை அறிய ஆட்களை எண்ணினால் மட்டும் போதாது. வீடுகளையும், வீடுகளுக்குள் ஓடும் மின்சாரத்தையும், வாசலில் நிற்கும் வாகனத்தையும் எண்ண வேண்டும்.

நிலத்தைத் தின்பது எது?

போக்குவரத்துத் துறையே 2013இல் வெளியிட்ட பெருந்திட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. சிங்கப்பூர் நிலத்தில் வீடுகளுக்குப் போவது 14 விழுக்காடு. சாலைகளுக்குப் போவது 12 விழுக்காடு. திரும்பப் படியுங்கள். லட்சக்கணக்கான குடும்பங்கள் வாழும் இடத்துக்கு நிகராகத் தார் பூசிய நிலம் இருக்கிறது. கோல்ஃப் திடல்கள், 2014 வாக்கில் அரசு தந்த கணக்கின்படி, நிலப்பரப்பில் சுமார் 2 விழுக்காடு. ஏறத்தாழ 1,500 ஹெக்டர். இரண்டு தெங்காவைவிட அதிகம்!

நல்ல செய்தி: இது மாறக்கூடியது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2018 பிப்ரவரி முதல் கார் எண்ணிக்கையின் வளர்ச்சி விகிதத்தைச் சுழியமாக்கிவிட்டார்கள். நாடு முடங்கவில்லை. கெப்பல் கிளப் கோல்ஃப் திடல் இருந்த இடத்தில் இப்போது வீவக வீடுகள் வருகின்றன. யாரும் வீடிழக்கவில்லை. தெங்காவின் நகர மையத்தையே கார் ஓடாத இடமாக, சாலையைக் கீழே கொண்டுபோய்த் திட்டமிட்டிருக்கிறார்கள். ஆக, காட்டைத் தொடாமல் வீடு கட்டும் வழி இந்த நாட்டுப் பொறியாளர்களுக்குத் தெரியும். கேள்வி ஒன்றுதான்: முதலில் கை வைப்பது எதில்? வாகன நிறுத்துமிடத்திலா, பழைய பள்ளிக்கூட வளாகத்திலா, கோல்ஃப் திடலிலா, காட்டிலா? வரிசையில் காடு கடைசியில் நிற்க வேண்டும். இன்று பல இடங்களில் அது முதலில் நிற்கிறது, ஏனென்றால் அதற்கு வாக்கு இல்லை, குத்தகைப் பத்திரம் இல்லை, வழக்கறிஞர் இல்லை.

நம் பிள்ளைகள் பிடிஓ வரிசையில் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வீடு வேண்டும். அதை நாம் ஒருபோதும் மறுக்கப்போவதில்லை. வீடா காடா என்று நம்மை மோதவிடுகிற கேள்வியைத்தான் மறுக்கிறோம்.

கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது

"இங்கே கேட்டு என்ன ஆகும்?" என்று தோள் குலுக்குபவர்களுக்கு நம் நாட்டு வரலாற்றைச் சொல்லுங்கள்.

1986இல் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் வலசைப் பறவைகள் ஏராளமாக இறங்குவதைப் பறவை நோக்குவோர் சிலர் கவனித்தார்கள். புலம்பி நிற்கவில்லை. எண்ணினார்கள், எழுதினார்கள், அரசிடம் முன்மொழிந்தார்கள். 1993இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. இன்று சட்டப் பாதுகாப்புள்ள காப்பிடம்.

1992இல் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கக் காட்டில் கோல்ஃப் திடல் போடத் திட்டம் வந்தது. இயற்கைச் சங்கத்தினர் தாங்களே காட்டுக்குள் போய் ஆய்வு செய்து, தாங்களே அறிக்கை எழுதினார்கள். 17,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

2001இல் புலாவ் உபினின் செக் ஜாவா கடலோரத்தைத் தூர்க்க இருந்தார்கள். தொண்டூழியர்கள் கடல் வற்றிய நேரங்களில் இறங்கி உயிர்களைப் பதிவு செய்தார்கள், மக்கள் திரளாகப் போய்ப் பார்த்தார்கள். பணி தொடங்க இருந்த நிலையில் அரசு ஒத்திவைத்தது. இன்றும் செக் ஜாவா இருக்கிறது.

2020 இறுதியில் டோவர் காட்டின் ஆய்வறிக்கை வந்தது. 33 ஹெக்டர். கருத்துச் சொல்லக் கொடுத்தது நான்கு வாரம். மக்கள் கேட்டு அவகாசத்தை நீட்ட வைத்தார்கள். 50,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. 2021 ஜூலையில் திட்டம் திருத்தப்பட்டது: கிழக்குப் பாதியில் கட்டுவார்கள், மேற்குப் பாதியை இப்போதைக்குத் தொட மாட்டார்கள். பாதி வெற்றிதான். ஆனால் அந்தப் பாதி, கேட்டதால் கிடைத்தது.

கேட்க ஆளில்லாதபோது என்ன ஆகும்? 2021 பிப்ரவரியில் கிராஞ்சியில் அது தெரியவந்தது. ஆய்வு முடிவதற்கு முன்பே காட்டின் ஒரு பகுதியை வெட்டித் தள்ளியிருந்தார்கள். ட்ரோன் படங்கள் பரவிய பிறகுதான் நாடு விழித்தது. தவறு நேர்ந்ததை ஒப்புக்கொண்டார்கள். மரங்கள் திரும்பி வரவில்லை.

இந்த ஐந்து கதைகளிலும் ஒரே பாடம். பதிவும் சான்றும் வைத்திருந்தவர்கள் வென்றார்கள். பின்னால் வந்து வருந்தியவர்கள் தோற்றார்கள்.

நம் கோரிக்கைகள்

இவற்றை மனப்பாடமாக வைத்திருங்கள். மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் நாடாளுமன்ற உறுப்பினரிடம் சொல்லும்போதும், படிவத்தில் எழுதும்போதும், காபிக்கடையில் வாதாடும்போதும் இதே நான்கு:

1. காடு கடைசியில். புக்கிட் பாத்தோக்கிலோ அதைச் சுற்றியோ எந்தக் காட்டுத் துண்டையும் தொடும் முன், ஏற்கெனவே கட்டப்பட்ட அல்லது திருத்தப்பட்ட நிலத்தில் ஏன் கட்ட முடியாது என்பதை எழுத்தில் விளக்க வேண்டும்.

2. ஒட்டுமொத்தக் கணக்கு. நம் சரிவை மட்டும் தனியாக ஆய்வு செய்வது போதாது. தெங்கா, நம் மலை, புக்கிட் தீமா மூன்றும் ஒரே விலங்குகளின் ஒரே வழி. மூன்றிலும் சேர்த்து எவ்வளவு போகிறது, வழித்தடம் உண்மையில் வேலை செய்கிறதா என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

3. நான்கு மொழிச் சுருக்கம், நீண்ட அவகாசம். நாட்டுக்கு நான்கு அதிகாரத்துவ மொழிகள். நம் பாட்டிமார் நடக்கும் காட்டைப் பற்றிய அறிக்கையின் சுருக்கமாவது தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் வர வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க ஆய்வுக்கென்றே தனிச் சட்டம் வேண்டும். நிர்வாக நடைமுறையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

4. மக்கள்தொகைத் திட்டத்தில் இயற்கையின் வரம்பு. அடுத்து எத்தனை மில்லியன் என்று பேசும்போது, அந்த எண்ணுக்கு எவ்வளவு காடு, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு குப்பை என்பதும் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். நாடாளுமன்றத்தில் பேசப்பட வேண்டும்.

இன்றே தொடங்கும் வேலை

தோழர்களே, கோரிக்கை எழுதிவிட்டுப் படுப்பவர்கள் அல்ல நாம்.

பதிவு செய்யுங்கள். காலை நடைக்குப் போகும்போது கைப்பேசியில் ஒரு பறவை, ஒரு பல்லி, ஒரு பூ. ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றுங்கள். பெயர் தெரியாவிட்டால் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இடமும் நாளும் தெளிவாக இருந்தால் அது சான்று. அரசின் ஆய்வாளர் சில மாதம் வந்து பார்ப்பார்; நாம் ஆண்டு முழுக்க இங்கேயே இருக்கிறோம். இரவில் மட்டும் வரும் எறும்புண்ணியை அவர் பார்க்காமல் போகலாம், நம் காவல்காரத் தாத்தா பார்த்திருப்பார். அவரிடம் கேளுங்கள், எழுதிவையுங்கள்.

வாசிப்புக் குழு வையுங்கள். ஒவ்வொரு புளோக்கிலும் மூன்று பேர் போதும். அறிக்கை வந்த அன்றே பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் தாவரம், ஒருவர் விலங்கு, ஒருவர் வெள்ளமும் மண்ணரிப்பும். பல்கலைக்கழகம் போகும் நம் பிள்ளைகளை இதில் இழுத்துப் போடுங்கள். முதல் வாரத்தில் தமிழ்ச் சுருக்கம், இரண்டாம் வாரத்தில் கூட்டம், மூன்றாம் வாரத்தில் கடிதங்கள், நான்காம் வாரத்தில் மக்கள் சந்திப்பு. ஒரே கடிதத்தை ஆயிரம் பேர் அனுப்புவதைவிட, நூறு பேர் தத்தம் சொற்களில் எழுதுவது கனமானது.

அண்டை உயிர்களோடு வாழப் பழகுங்கள். காடு சுருங்கினால் குரங்கு புளோக்குக்கு வரும், காட்டுப்பன்றி சாலைக்கு வரும். "தொல்லை, பிடித்துக்கொண்டு போங்கள்" என்று முதலில் புகார் கொடுப்பவரும் நம் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவருக்கு விளக்குங்கள். சாப்பாடு போடாதீர்கள், வனவிலங்குச் சட்டப்படி அதற்கு முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம். குப்பைத்தொட்டியை மூடுங்கள். காட்டுக்காக வாதாடும் நாம் குரங்கின் மீது புகார் கொடுத்தால், யார் நம்மை நம்புவார்கள்?

நம் வீட்டுக் கணக்கையும் சரிசெய்யுங்கள். 2023இல் இந்நாட்டில் வீணான உணவு சுமார் 755,000 டன். வீட்டுக் குப்பையில் மறுபயனீடு 12 விழுக்காடுதான். நம் கல்யாண பஃபேயில் எவ்வளவு கொட்டுகிறோம், தீபாவளி விருந்துபசரிப்பில் எத்தனை நுரைத்தட்டு போகிறது என்று நமக்குத் தெரியும். பந்தியில் இலை போட்டுக் கேட்டுப் பரிமாறிய பரம்பரை நாம். தட்டில் அள்ளி வைத்துக் கொட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது? பிறர் கேட்கும் முன் நாமே நிறுத்துவோம். ஏர்கோனை 25க்கு வைப்போம். கார் வாங்கும் முன் எம்ஆர்டி வரைபடத்தைப் பார்ப்போம். இதனால் மட்டும் காடு பிழைக்காது. ஆனால் சாலைக்கு 12 விழுக்காடு ஏன் என்று கேட்பவர் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு கேட்க முடியாது.

ஊழியர்களைக் கூட்டிவாருங்கள். மாதம் ஒரு ஞாயிறு, வேலைக்கு வந்த நம் தம்பிகளை நம் மலைக்கு அழையுங்கள். ஊரில் பனையும் வேம்பும் பார்த்து வளர்ந்தவர்கள். மரத்தின் அருமை அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தக் காட்டில் நடக்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு. யாராவது கூட்டத்தில் "வெளிநாட்டான்" என்று பேச்சைத் திருப்பினால், அங்கேயே, அப்போதே, மறுத்துப் பேசுங்கள். மௌனமாக இருந்துவிட்டுப் பிறகு வருத்தப்படாதீர்கள்.

எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டு. ஹாங் லிம் பூங்காவில் உள்ள பேச்சாளர் சதுக்கத்துக்கு வெளியே கூட்டம் என்றால் அனுமதி வாங்குங்கள். அவசரக் கோபத்தில் ஒரு தோழர் வழக்கில் சிக்கினால், நான்கு வாரமும் அவரைப் பற்றிய பேச்சிலேயே போய்விடும், காடு மறந்துபோகும்.

தோழர்களே, உலக மக்கள்தொகை 2022 நவம்பரில் 8 பில்லியனைத் தொட்டது. இந்த நூற்றாண்டின் பின்பாதியில் உச்சம் தொட்டு இறங்கும் என்பது ஐநாவின் கணிப்பு. நம் நாட்டில் பிறப்பு இப்போதே சரிந்துவிட்டது. அதாவது, நெருக்கடி நிரந்தரமானது அல்ல. இந்தச் சில பத்தாண்டுகளைக் கடந்துவிட்டால், வீடுகளுக்கான நெருக்குதல் தளரக்கூடும். ஆனால் அதுவரை காட்டைக் காப்பாற்றி வைத்திருந்தால்தான், தளர்ந்த பிறகு காப்பாற்ற ஏதாவது இருக்கும். நம் தலைமுறையின் வேலை அதுவே: இடைப்பட்ட இந்தக் காலத்தைத் தாண்ட, காட்டுக்குத் தோள் கொடுப்பது.

சுங்கை பூலோவில் பறவை எண்ணியவர்கள் ஒரு சிலர்தான். செக் ஜாவாவில் சேற்றில் இறங்கியவர்கள் வார இறுதித் தொண்டூழியர்கள்தான். புக்கிட் பாத்தோக்கில் நாம் ஒன்றரை லட்சம் பேருக்கும் மேல் வாழ்கிறோம். நூறில் ஒருவர் வந்தாலே ஆயிரத்து ஐந்நூறு பேர். அடுத்த ஆய்வறிக்கை எந்தக் காட்டுக்கு, எந்த மாதம் வரும் என்று காத்திருக்காதீர்கள். இந்தச் சனிக்கிழமையே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மூன்று பெயரை எழுதிக் குழுவை அமையுங்கள். மலைக்கு நடங்கள், முதல் பதிவை ஏற்றுங்கள்.

நான்கு வாரம் தொடங்கும் நாளில் நம் வேலை முடிந்திருக்க வேண்டும். எழுங்கள், தோழர்களே!